பத்து மணிக்கு முன் தண்ணீர் தொடாதே

டான்ஹவுசரில் ஜூலை மாதம்
வாளியின் மேல் கண்ணாடி மூடியிருக்கும்.
சிபோனெலோ அதைக் கட்டைவிரலால் குத்தி உடைத்து
ஒரு சில்லை வாயில் போட்டுக்கொள்வான்,
கற்கண்டு மாதிரி.

மணற்கல் குடிக்கும்.
பகலில் ஊற்றியதை உள்ளே வைத்திருந்து
இரவில் அது உறையும்போது
தன் முகத்தைத் தானே தள்ளிவிடும்.
போன குளிருக்கு டர்பனிலிருந்து வந்த
தீனதயாளன் படையாச்சி
கொள்ளுத்தாத்தாவின் கல்லுக்கு ப்ளீச் ஊற்றிக்
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், பொழுது சாயும்வரை.
வெள்ளை வெளேரென்று படம் எடுத்துக்கொண்டு போனார்.
ஆகஸ்டில் அந்த முகம்
ஆப்பம் சட்டியிலிருந்து கழல்வதுபோல் கழன்று
புல்லில் கிடந்தது, எழுத்து கீழ்ப்பக்கமாய்.
திருப்பிப் பார்க்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

நான் பல் மருத்துவரிடம் உதவிக்கு இருப்பவள்.
வாரம் ஐந்து நாள் நியூகாசில்காரர்களின் ஈறோரம்
காரை சுரண்டுகிறேன். சனிக்கிழமை இங்கே.
வித்தியாசம் அதிகமில்லை.
இரும்பு ஆகாது, மூங்கில் போதும்,
கீழிருந்து மேலே நனை,
அவசரப்பட்டால் எதுவும் திரும்ப வராது.
கல்லிடம் மட்டும்
வாயைத் திற என்று சொல்லவேண்டியதில்லை.

இன்றைக்கு நாலாவது வரிசை,
சுரங்கக் கம்பெனி நட்டவை.
எண்ணை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்,
விரல்நுனி உள்ளே போகிறது.
பெயரை, யாரோ தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து,
தமிழ் அறியாத ஒரு கை
பூச்சியின் படம் வரைவதுபோல் கீறியிருக்கிறது.
புள்ளிகளை மை தெறித்தது என்று நினைத்திருப்பான்.
வரிசை முழுக்க ஒன்றுகூடக் கிடையாது.
முததன.
குபபமமாள.
பொனனன.
சத்தமாகப் படித்தால்
குளிரில் பல் கிட்டியவர்கள் பேசுவதுபோல் இருக்கிறது.
சிபோனெலோ சிரிப்பான் என்று படித்துக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
அதே சுரங்கத்தில் செத்த அவனுடைய ஆட்கள்
வேலிக்கு அந்தப்புறம்.
அங்கே எண்ணும் இல்லை,
சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை.

அப்புறம் அவள்.
வயது எழுதவில்லை. 1911, ஆடி.
வ
ள
ளி.
முதல் ளகரத்தின் தலைக்கு மேல்,
சரியான இடத்தில்,
மிளகளவு மஞ்சள் கற்பாசி.

மூங்கில் குச்சியைக் கீழே வைத்தேன்.
வைத்தேன் என்பது பொய். கையில்தான் இருந்தது.

எனக்கு அற்புதங்களில் பிடிப்பு இல்லை.
அதே கல்லில் இன்னும் பதினாறு பாசிகள்,
வகரத்தின் வயிற்றில் ஒன்று, எண்ணுக்குள் இரண்டு,
மூலையில் ஒரு கூட்டம்,
எதற்கும் அர்த்தம் கிடையாது.
எல்லாவற்றையும் நனைத்து, காத்திருந்து, எடுத்தேன்.
இதைச் சுற்றிலும் மட்டும் துணியால் ஒற்றி
விட்டுவிட்டேன்.
வள்ளி.
வாய்விட்டுச் சொன்னபோது ஆவி பறந்தது,
என்னுடையதுதான்.

சங்கத்துக்கு அனுப்பும் தாளில் ஒரு கேள்வி:
கல் முழுவதும் சுத்தம் செய்யப்பட்டதா?
இல்லை.
காரணம் எழுத விட்டிருந்த கட்டம் சின்னது.
எழுத்து, என்று எழுதினேன்.

அது வளருமே, என்றான் சிபோனெலோ.
வளரும். வருஷத்துக்கு ஒரு மயிரிழை.
முப்பது வருஷத்தில் ளகரத்தையே விழுங்கும்.
அப்போது எனக்கு எண்பத்தொன்று.
வேறு யாராவது வந்து
எரிச்சலோடு சுரண்டட்டும்.

மூன்று மணி. நிழல் விழுந்த கல்லில் இனி ஈரம் கூடாது.
மிச்சத் தண்ணீரை வாசல் பாதையில் கவிழ்த்தோம்.
நாளைக் காலை அங்கே வழுக்கும்.